சிங்கப்பூரில் குடும்பத்தோடு ஒரு நெடும்பாதையைப் பகுதி பகுதியாக நடக்க: எந்தப் பாதை, எந்த வரிசை?

சிங்கப்பூரில் நீண்ட நடைபாதை என்று பேச்செடுத்தால் மூன்று பெயர்கள் வரும். தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் பக்கம் போகும் பழைய ரயில் பாதை 24 கிலோமீட்டர். இப்போது ‘ரயில் காரிடார்’ என்கிறார்கள். ஜூரோங்கிலிருந்து கோனி தீவு வரை தீவைக் குறுக்கே வெட்டிப் போகும் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ 36 கிலோமீட்டர். தீவையே சுற்றிவரும் ‘ரவுண்ட் ஐலண்ட் ரூட்’ முழுதாக முடியும்போது 150 கிலோமீட்டர். தனியாக நடப்பவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பாலர் பள்ளிக்குப் போகும் பையன், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள், முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் வாசலைத் தாண்டாத அத்தை, வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே பிழைக்கும் நானும் மனைவியும்.

கைபேசியில் மூன்று வரைபடங்களையும் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “தூரமெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை. நடுவுல டாய்லெட் எங்க இருக்கு? அதச் சொல்லுங்க முதல்ல.”

ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. கூடவே இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன்: பையன் நட்ட நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து “கால் வலிக்குது” என்று சொல்லிவிட்டால், அங்கிருந்து எம்ஆர்டிக்கு, அதாவது நகர ரயில் நிலையத்துக்கு, எவ்வளவு தூரம்? அழகு, வரலாறு, பறவைகள் எல்லாம் அப்புறம். பகுதி பகுதியாக நடக்கிற குடும்பத்துக்கு ஒரு பாதையின் தரம் அதன் நடுவிலிருந்து எத்தனை இடத்தில் வெளியேறலாம் என்பதில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கில் தீவைச் சுற்றும் பாதை முதலிலேயே அடிபட்டுப் போகிறது. அதன் கிழக்குப் பாதி, 75 கிலோமீட்டர், 2021 கடைசியில் இணைந்துவிட்டது. மேற்கு இன்னும் முழுமையாகவில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை: சாப்பாடு, கழிப்பறை, நிழல், கடல்காற்று எல்லாம் உண்டு. சாங்கி விமான நிலையத்தை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்கு டைனோசர் உருவங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பையன் அதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் வருவான். ஆனால் ஈஸ்ட் கோஸ்டை விட்டு சாங்கி கடலோரமாக வடக்கே திரும்பும் பகுதி, கோடு போட்டதுபோல் நேராக நீண்டுகொண்டே போகும். நிழல் குறைவு, எம்ஆர்டி கிடையாது. சைக்கிளில் போனால் சுகம். நடக்கிற சின்னப் பிள்ளைக்கு முன்னால் தெரிவதெல்லாம் இன்னும் கொஞ்சம் சாலைதான். வீட்டில் எல்லோருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றால் மட்டும் இதை எடுங்கள்.

‘கோஸ்ட் டு கோஸ்ட்’ உண்மையான போட்டியாளர். தேசியப் பூங்காக் கழகம் 2019 மார்ச்சில் திறந்தது. ஜூரோங் ஏரித் தோட்டம், புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா, மெக்ரிட்சி நீர்த்தேக்கம், பீஷான் – அங் மோ கியோ பூங்கா, செங்காங் ஆற்றங்கரைப் பூங்கா, கடைசியில் கோனி தீவு என்று பூங்காக்களை ஊசியில் கோத்த மாதிரி போகும். வழியில் பத்து சோதனைச் சாவடிகள், அதாவது அடையாளப் பலகை நிற்கும் இடங்கள். பகுதி பகுதியாக நடக்கிறவர்களுக்கு இந்தப் பத்தும் பெரிய உதவி; எங்கே நிறுத்துவது, அடுத்த முறை எங்கே தொடங்குவது என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் எண்ணிக்கை பிடிக்கும். பெரிய பூங்காக்களில் கழிப்பறை உண்டு, அக்கம்பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. அத்தையின் கேள்விக்கு இந்தப் பாதை நன்றாகவே பதில் சொல்கிறது.

இதில் ஒரே ஒரு பகுதிதான் நடக்க முடியும் என்றால் பீஷான் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாங் ஆறு அங்கே ஒரு காலத்தில் நேரான சிமெண்ட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து 2012ல் மீண்டும் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக்கினார்கள், 2.7 கிலோமீட்டர் கால்வாய் 3.2 கிலோமீட்டர் ஆறானது. கரையில் புல்லில் உட்கார்ந்து காத்திருந்தால் நீர்நாய்க் கூட்டம் கண்ணில் படலாம். மீனைத் தலையிலிருந்து கடிக்கத் தொடங்கி, வாயைத் திறந்தபடியே சத்தமாக மெல்லும். அந்த நறநற ஓசை கரை வரைக்கும் கேட்கும். பையன் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் அப்படியே மென்றான்.

ஆனாலும் 36 கிலோமீட்டரில் பூங்காக்களுக்கு நடுவே இருக்கும் இணைப்புகள் என்று ஒன்று இருக்கிறது. சாலையோர நடைபாதை, சிக்னல், மறுபடி சாலையோரம், அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பின்பக்கம், மறுபடி சிக்னல். “இது நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கற மாதிரியே இருக்கேப்பா” என்றாள் மகள், அதில் பொய்யில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். நம் வீடுகளில் அந்த யாராவது யார் என்பது தெரிந்ததுதான். புக்கிட் பாத்தோக் பக்கம் ஏற்ற இறக்கமும் இருக்கிறது. கடைசியில் வரும் கோனி தீவில் மாலை 7 மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள், கழிப்பறையும் ஒன்றே ஒன்று. 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் எம்ஆர்டி திறந்தபிறகு அங்கிருந்து வீடு திரும்புவது முன்னைக்கு எளிது, அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் ஓட்டு ரயில் பாதைக்கு. பழைய ரயிலின் மீது பாசம் என்பதெல்லாம் கடைசிக் காரணம். முதல் காரணம் முழங்கால்.

ரயிலுக்கு மேடு ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் நூறு மீட்டருக்கு ஓரிரு மீட்டருக்கு மேல் ஏறாதபடிதான் ரயில் பாதை போடுவார்கள். மேட்டை வெட்டியும் பள்ளத்தை மண்போட்டு உயர்த்தியும் அன்றைக்கே யாரோ சமன் செய்துவைத்த வழியில் இன்றைக்கு நாம் நடக்கிறோம். பிரதான பாதையில் படி இல்லை. பிள்ளையின் தள்ளுவண்டி போகும், அத்தையும் போவார். அதோடு இது ஒற்றைக் கோடு. வழி தவறுவதற்குத் திருப்பமே இல்லை. பிள்ளைகளைக் கொஞ்சம் முன்னால் ஓடவிடலாம், சைக்கிள் மணியோசைக்கு மட்டும் ஓரம் ஒதுங்கச் சொல்லிவைத்தால் போதும்.

இரண்டாவது காரணம் எம்ஆர்டி. நடுப்பகுதியோடு கூடவே எம்ஆர்டியின் டவுன்டவுன் தடம் போகிறது: கிங் ஆல்பர்ட் பார்க், பியூட்டி வேர்ல்ட், 2025 பிப்ரவரியில் திறந்த ஹியூம், அதற்கடுத்து ஹில்வியூ. தெற்கே பாதி வழியில் புவன விஸ்தா. வடக்கு முனையில் கிராஞ்சி. பையன் எங்கே உட்கார்ந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்ற தைரியம் நடுப்பகுதியில் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைக்காது.

பாதையைத் தேர்ந்தாயிற்று, அடுத்து எங்கிருந்து தொடங்குவது? எங்கள் வீட்டில் உண்மையான சண்டை இங்கேதான். மகள் ஒரே பிடியாக நின்றாள்: தெற்கு முனையில் தொடங்கி வடக்கு முனையில் முடிக்க வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் அது ஏமாற்று வேலையாம். நியாயம் இல்லாமல் இல்லை. வரிசையாகப் போனால் வரைபடத்தில் கோடு ஒரே பக்கமாக வளரும், கதையும் வரிசையாக வரும். 1932ல் கட்டிய தஞ்சோங் பகார் நிலையத்தில் தொடங்கலாம்; அதன் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கு பெரிய சிலைகள் நிற்கின்றன. ஆனால் அந்தக் கட்டடமும் அதையொட்டிய துண்டும் எம்ஆர்டி கட்டுமானத்துக்காக ஆண்டுக்கணக்கில் வேலிக்குள் கிடந்தவை. நடக்கிறவர்கள் வழக்கமாகச் சற்று தள்ளி ஸ்பூனர் ரோட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள். அங்கிருந்து புக்கிட் தீமா ரயில் நிலையம் வரை ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். முதல் நாளே அதில் பாதியை வெயிலில் நடக்க வைத்தால், இரண்டாவது நாள் என்று ஒன்று வராது. வடக்கிலிருந்து தொடங்கினால் அதைவிட மோசம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆகவே நான் சொல்வது நடுவிலிருந்து. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி, பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டு, வடக்கே ஹில்வியூ வரை நாலு கிலோமீட்டர். தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காக மூடியிருந்த இந்தத் துண்டை 2021 மார்ச்சில் திரும்பத் திறந்தார்கள். ஒரு பக்கம் புக்கிட் தீமா இயற்கைக் காப்பகம், அதனால் நிழல் உண்டு. இந்த நாலு கிலோமீட்டரில் பிள்ளைகளுக்குச் சலிக்காது.

நிலையம் சின்னதுதான், செங்கல் கட்டடம். பக்கத்தில் பழைய ஊழியர் குடியிருப்பு இப்போது காப்பிக்கடையாக இருக்கிறது. கழிப்பறையும் உண்டு (அத்தையின் முதல் மதிப்பெண் இங்கேதான் விழுந்தது). நிலையத்தருகே கொஞ்சம் தண்டவாளத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் ரயில் வர வேண்டும். எதிரெதிரே மோதாமல் இருக்க என்ன செய்வது? அந்தத் துண்டுக்கென்று ஓர் இரும்புச் சாவி வைத்திருந்தார்கள். அது கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டுமே உள்ளே நுழையலாம். சாவியைப் பெரிய வளையத்தில் மாட்டி, ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைமாற்றுவார்கள். 2011 வரைக்கும் இந்த நிலையத்தில் அது நடந்தது. மகளுக்கு இது ஒரேயடியாகப் பிடித்துப்போய், அன்று முழுக்க வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முன்னால் நடக்கலாம் என்று சட்டம் போட்டாள். தம்பி சாவியை விட மறுத்த இடத்தில் சட்டம் திருத்தப்பட்டது.

நிலையத்தைத் தாண்டியதும் புக்கிட் தீமா சாலைக்கு மேலே முதல் இரும்புப் பாலம். வெளியிலிருந்து பார்க்கும்போது அதன் பெரிய சட்டங்கள்தான் தெரியும். மேலே நடக்கும்போது கண்ணில் படுவது தறையாணிகள். பையனின் முகத்துக்கு நேரே வரிசை வரிசையாக, பாதி எலுமிச்சையைக் கவிழ்த்த அளவில், சாயத்துக்கு மேல் சாயம் பூசி முனை மழுங்கியவை. எண்ணத் தொடங்கினான், முடியவில்லை. கீழே பேருந்துகளின் கூரை எண்கள் தெரிகின்றன. இதேபோல் இன்னொரு பாலம் ஹில்வியூவுக்கு முன்னால், ரயில் மால் கடைகளுக்குப் பக்கத்தில் வருகிறது. சாப்பிடுவதற்கும் அதுவே இடம். தெம்பு மிச்சமிருந்தால் அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கும் பழைய ஃபோர்ட் தொழிற்சாலைக்குப் போகலாம். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் அது. மகளின் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வருகிறது. எங்களுக்குத் தெம்பு மிச்சமில்லை.

அதற்கடுத்த கட்டம் தெற்கே. கிங் ஆல்பர்ட் பார்க்கிலிருந்து புவன விஸ்தா வரை ஒன்று, புவன விஸ்தாவிலிருந்து ஸ்பூனர் ரோடு வரை ஒன்று. தெற்குப் பகுதி நடுப்பகுதியைப் போல அடர்த்தி இல்லை. புவன விஸ்தாவில் மேம்பாலத்துக்கு அடியில் தூண்களிலும் சுவரிலும் தீட்டியிருக்கும் ஓவியங்கள் நன்றாக இருக்கும், அங்கே நிழலும் இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு இழுப்பு உண்டு. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930களில் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரமாக ரயில்வே ஊழியர்கள் வைத்த சின்னக் குடிசைக் கோயிலாகத் தொடங்கியது; இப்போதைய இடத்துக்கு 1998ல் வந்தது. ரயில் பாதையில் வேலை செய்தவர்களில் நம்மாட்கள் எத்தனை பேர் என்று ஏட்டில் தேடுவதைவிட இந்தக் கோயிலைப் பார்த்தால் புரிந்துவிடும். காலையில் நடந்து, வழியில் ஒதுங்கி, கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே பேருந்து ஏறிவிடலாம். அத்தை இந்தக் கட்டத்துக்கு மட்டும் தைலத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

வடக்குப் பகுதி, ஹில்வியூவிலிருந்து கிராஞ்சி வரை ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர், கடைசிக்குத்தான். புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் பரவாயில்லை. கடைத்தொகுதியும் எம்ஆர்டியும் பக்கத்தில் இருக்கின்றன. அதைத் தாண்டிவிட்டால் எம்ஆர்டி தூரமாகிவிடும், வெளியேற வேண்டுமானால் உட்லண்ட்ஸ் சாலைக்குப் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டும். திறந்த வெளி, வெயில் நேராக இறங்கும், சுங்கை காடுட் தொழிற்பேட்டையின் லாரிச் சத்தம் வேறு. கால் பழகிய பிறகு, பிள்ளைகளுக்கு “இன்னும் ஒரு துண்டுதான் பாக்கி” என்ற வெறி வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. விருப்பமில்லாவிட்டால் புக்கிட் பாஞ்சாங்கில் இரண்டாக உடைத்துக்கொள்ளலாம்.

எப்போது என்பதையும் பாதையோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது. பாதையில் பெரும்பகுதிக்கு விளக்கு இல்லை. ஆகவே ஏழேகால் கிளம்பினால் ஒன்பதரைக்குள் முடிக்கும் தூரம்தான் ஒரு கட்டம். மாலையில் நடக்கலாமே என்பவர்கள் உண்டு. பிற்பகல் இடிமழை அதைக் கெடுக்கும். சிங்கப்பூரில் ஆண்டில் சராசரியாக 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது, நம் பாதையோ ஒதுங்க இடமில்லாத திறந்தவெளி. ஜூன் பள்ளி விடுமுறைக்கு இன்னொரு வம்பு: சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைமழை விடியற்காலையிலேயே வந்து அடிக்கும். ஆனால் மணிக்கணக்கில் நீடிக்காது. வானிலை சொல்லும் மைஎன்வி செயலியில் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும், பின்னாலேயே நல்ல குளிர்ச்சியும் கிடைக்கும். வருடக் கடைசி விடுமுறையில் மழை அதிகம், வெயில் குறைவு. வடக்குப் பகுதிக்கு அதுவே தோது.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பகத்தையொட்டிய பகுதியில் இருக்கின்றன. பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். கட்டிய பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், முதுகுப்பைக்குள் வையுங்கள். உணவு போட்டால் அபராதம்.

கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் திட்டம் சிக்கல். ஒரு முனையில் நிறுத்திவிட்டு நடந்தால், அதே தூரம் திரும்பி நடக்க வேண்டும், நாலு எட்டாகும். எம்ஆர்டியில் வந்தால் போகிற திசையிலேயே வீட்டுக்குப் போகலாம். காரை விட மனமில்லை என்றால் பீஷான் பூங்காவையோ மெக்ரிட்சியையோ மட்டும் சுற்றிவிட்டு வருவது நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர் யாராவது இருந்தால் நடுப்பகுதியை ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு அழைத்துப் போங்கள். பாதை சமதளம் என்றாலும், சாலையிலிருந்து பாதைக்குப் போகும் வழி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, சில இடங்களில் படிதான்.

எங்களுக்கு வடக்குப் பகுதி மட்டும் பாக்கி. ஜோகூரில் இருக்கும் மச்சான் குடும்பமும் வருகிறேன் என்கிறார்கள். அவர்கள் பாலம் கடந்து பேருந்தில் வந்தால் இறங்குவது கிராஞ்சி எம்ஆர்டியில். ஆகவே டிசம்பரில் இந்த ஒரு கட்டத்தை மட்டும் கிராஞ்சியிலிருந்து தெற்கே நடக்கிறோம்: நிழலில்லாத பகுதி விடிந்ததும் முடிந்துவிடும், வெயில் ஏறும்போது புக்கிட் பாஞ்சாங் வந்திருப்போம், சாப்பாட்டுக்கு ரயில் மால். கோடு எதிர்ப்பக்கமாக வளர்கிறதே என்று மகள் முகத்தைத் தூக்கினாள். மச்சான் பிள்ளைகள் வருவார்கள் என்றதும் சரி என்றுவிட்டாள்.